மோட்டார் வண்டியின் வாக்குமூலம்

பழைய காலத்து மோட்டார் மெக்கானிக்குகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் நீண்ட திருப்புளி ஒன்றின் முனையை அதன் உடலில் ஊன்றி, மரப்பிடியைத் தம் காதோடு சேர்த்து வைத்துக்கொள்வார்கள். இரும்பின் வழியே ஏறிவரும் ஒலியைக் கொண்டு எந்த வால்வு தளர்ந்திருக்கிறது, எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்ப்பார்கள். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. சைலன்சரிலிருந்து வரும் புகை நீலமாயிருந்தால் எண்ணெய் எரிகிறது என்பது அவர்கள் கணக்கு. யந்திரம் தானாக வாய் திறந்து எதையும் சொல்லாத காலம் அது. கேட்பவனுடைய காதும் கண்ணும் மூக்குமே அன்றைய சோதனைக் கருவிகள்.

இன்றோ வண்டியின் டாஷ்போர்டில் எஞ்சின் வடிவம் வரைந்த ஒரு சிறு மஞ்சள் விளக்கு எரிகிறது. மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே கைவிட்டு, அங்குள்ள கூட்டில் உள்ளங்கையளவு கருவி ஒன்றைச் செருகுகிறார். அதன் திரையில் 'பி-0171' என்று ஓர் எழுத்தும் நான்கு எண்களும் தோன்றுகின்றன. யந்திரம் பேசிவிட்டது! அது என்ன பேசியது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம், அதைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் மூன்று கேள்விகளும் இந்தச் சிறு குறியெண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன. இவற்றுக்கு விடை காண, குறியெண் பிறந்த வரலாற்றை நாம் அறிந்துகொள்ள வேண்டும். மெக்கானிக்கின் வேலையை எளிதாக்க வேண்டும் என்ற கருணையினால் அது பிறக்கவில்லை. ஒரு நகரத்து மக்களின் கண் எரிந்ததனால் பிறந்தது.

அந்த நகரம் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சலிஸ். 1943ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், அந்நகரத்தின் நடுவில் திடீரென்று ஒரு புகைமூட்டம் இறங்கியது. சில தெருக்களுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மக்களின் கண்களில் நீர் வழிந்தது, தொண்டை எரிந்தது. ஜப்பானியர் விஷவாயுவை ஏவிவிட்டனரோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். பின்னர் செயற்கை ரப்பருக்கான பொருளைச் செய்யும் தொழிற்சாலை ஒன்றின்மேல் பழி விழுந்தது. அந்தத் தொழிற்சாலை நின்ற பின்னும் மூட்டம் நிற்கவில்லை.

காரணத்தைக் கண்டவர் ஹாகன்-ஸ்மித் என்னும் விஞ்ஞானி. ஹாலந்து நாட்டில் பிறந்து கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய இவர், அதுவரை ஆராய்ந்துவந்தது அன்னாசிப் பழத்தின் மணத்தை! பழத்திலிருந்து எழும் நுண்ணிய ஆவிகளைக் குளிரவைத்துப் பிடித்துப் பகுத்தறியும் முறையில் அவர் கைதேர்ந்தவர். அதே முறையால் நகரத்துக் காற்றையும் பிடித்துப் பார்த்தார். மோட்டார் வண்டிகளின் புகையிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் ஆவியிலும் உள்ள எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் ஒன்றோடொன்று வினைபட்டு, கண்ணை எரிக்கும் ஓசோனாகவும் பிற பொருள்களாகவும் மாறுகின்றன என்று 1950க்குப் பின் வந்த சில ஆண்டுகளில் நிறுவினார். மூன்று புறமும் மலை சூழ்ந்த அந்நகரத்தில் கெட்ட காற்று வெளியேற வழியில்லை. மோட்டார்க் கம்பெனிகளும் எண்ணெய்க் கம்பெனிகளும் இதனை உடனே ஒப்புக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. எனினும் 1967இல் கலிபோர்னியா மாநிலம் காற்றுவள வாரியம் ஒன்றை அமைத்தபோது, அதன் முதல் தலைவராக வந்தவர் இந்த அன்னாசிப் பழ ஆராய்ச்சியாளரே.

1970ஆம் ஆண்டு அமெரிக்கா முழுமைக்கும் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அதன் விளைவாக 1975ஆம் ஆண்டு மாடல் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் புகைக்குழாயில் 'கேட்டலிடிக் கன்வர்ட்டர்' என்னும் உறுப்பு வந்து சேர்ந்தது. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியின்மேல் பிளாட்டினம், பல்லேடியம் முதலிய அரிய உலோகங்களை மெல்லிய பூச்சாகப் பூசியிருப்பார்கள். நச்சுப் புகை அதன் ஊடே செல்லுகையில் எரிந்து தீங்கற்றதாகிவிடும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தப் பூச்சைக் கெடுத்துவிடுமாதலால், ஈயமற்ற பெட்ரோலும் கூடவே வந்தது.

இந்த உறுப்பிலும் ஒரு சிக்கல் இருந்தது. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு என்னும் மூன்று நஞ்சுகளையும் ஒரே கன்வர்ட்டர் முறிக்க வேண்டுமானால், எஞ்சினுக்குள் செல்லும் கலவை துல்லியமாக இருத்தல் வேண்டும். எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று. இதில் சற்றே கூடினாலும் குறைந்தாலும் ஒரு நஞ்சு தப்பிவிடும். திருகாணியால் சரிசெய்யப்படும் கார்புரேட்டரிடம் இந்தத் துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. ஆகவே புகைக்குழாயிலேயே ஒரு வேவுகாரனை அமர்த்தினார்கள். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி செய்த ஆக்சிஜன் சென்சார் அது. ஸ்வீடன் நாட்டு வோல்வோ கம்பெனி 1977ஆம் ஆண்டு மாடலாகக் கலிபோர்னியாவுக்கு அனுப்பிய வண்டிகளில் அது முதலில் பொருத்தப்பட்டது. சிர்கோனியா என்னும் பீங்கானால் ஆன இந்தச் சென்சார் சூடேறிய பின் ஒரு சிறிய மின்னழுத்தத்தைத் தரும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் அளவு. ஆக்சிஜன் இல்லாதுபோனால் 0.9 வோல்ட் அளவு. சென்சார் சொல்வதைக் கேட்டுக் கலவையை நொடிக்கு நொடி திருத்துவதற்கு ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. மோட்டார் வண்டிக்குள் மின்மூளை நிலையாகக் குடியேறிய கதை இதுவே.

1981ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டம் நைட்ரஜன் ஆக்சைடை மைலுக்கு 1 கிராம் என்ற அளவுக்கு இறக்கியது. அந்த ஆண்டு மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் பெட்ரோல் கார்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் கம்ப்யூட்டரை வைத்தது. கம்ப்யூட்டர் கெட்டாலோ, அதற்குச் செய்தி அனுப்பும் ஒயர் அறுந்தாலோ, பட்டறையில் இருப்பவர் என்ன செய்வார்? திருப்புளியைக் காதில் வைத்தால் கம்ப்யூட்டரின் குரல் கேட்காது. ஆகவே கம்ப்யூட்டரே தான் கண்ட குறையை எண்ணாக நினைவில் வைத்து, கேட்டபோது சொல்லும்படி ஓர் ஏற்பாடு செய்தார்கள்.

அந்த ஏற்பாடு மிக எளியது. நமக்கு அதில் ஒரு தனி விருப்பம் உண்டு என்பதை மறைப்பானேன்? டாஷ்போர்டுக்குக் கீழே 12 முனைகள் கொண்ட கூடு ஒன்று இருக்கும். தொழிற்சாலையில் வண்டி உருவாகி வெளிவருகையில் சோதிப்பதற்காக வைத்த கூடு அது. அதன் பெயரே அதைத்தான் சொல்லிற்று. அதில் 'ஏ', 'பி' என்ற அடுத்தடுத்த இரு முனைகளை நாம் காகிதங்களுக்கு மாட்டும் ஜெம் கிளிப் ஒன்றை வளைத்து இணைத்துவிட்டு, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்ப வேண்டும். உடனே 'செக் எஞ்சின்' விளக்கு சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டு, சிறிது நிறுத்தம், பின் இரண்டு சிமிட்டு: 12. இவ்வாறு மும்முறை. எஞ்சின் சுழலும் செய்தி வரவில்லை என்பது 12இன் பொருள். எஞ்சின் நின்றிருக்கையில் அது வருவது இயல்பே. 'நான் விழித்திருக்கிறேன், எண்ணிக்கொள்' என்று கம்ப்யூட்டர் தொண்டையைக் கனைத்துக்கொள்வது போல. பிறகு நினைவிலுள்ள குறைகள் ஒவ்வொன்றும் மும்முறை சிமிட்டும். 13 எனில் ஆக்சிஜன் சென்சாரின் சுற்று. 14ம் 15ம் எஞ்சின் நீரின் வெப்பமறியும் சென்சார். 44 எனில் புகையில் ஆக்சிஜன் மிகுதி. 45 எனில் குறைவு. எல்லாம் முடிந்ததும் மீண்டும் 12. தந்தி அலுவலகத்தில் கட்டுக்கடா ஒலியைக் கேட்டு எழுதிக்கொண்டதைப் போல, காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து விளக்கின் சிமிட்டலை எழுதிக்கொண்டால் போதும். கருவிக்கு ஆன செலவு ஒரு ஜெம் கிளிப்.

மற்றக் கம்பெனிகளும் இவ்வழியே வந்தன. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மொழியைப் படைத்துக்கொண்டது. ஃபோர்டு வண்டிகளில் முள் அசையும் வோல்ட் மீட்டர் ஒன்றைச் சோதனைக் கூட்டில் இணைத்து, முள் எத்தனை முறை துள்ளுகிறது என்று எண்ண வேண்டும். 11 வந்தால் குறை ஏதுமில்லை. கிரைஸ்லர் வண்டிகளில் ஐந்து நொடிக்குள் சாவியைத் திருப்பி, அணைத்து, திருப்பி, அணைத்து, மீண்டும் திருப்பி வைக்க வேண்டும். அங்கே 12 எனில் பாட்டரி அண்மையில் கழற்றப்பட்டது என்று பொருள். 55 எனில் பேச்சு முடிந்தது. ஜப்பானின் டொயோட்டாவில் மூடியுள்ள ஒரு சிறு பெட்டிக்குள் இரு முனைகளை ஒயரால் இணைக்க வேண்டும். ஹோண்டா வண்டிகள் சிலவற்றிலோ இருக்கைக்கடியிலோ, கால் வைக்கும் இடத்துக் கம்பளத்தின் கீழோ இருக்கும் கம்ப்யூட்டரின் உடலிலேயே ஒரு சிவப்புப் பொட்டு சிமிட்டும். மெக்கானிக் தலைகீழாகக் குனிந்து எண்ண வேண்டும். பாபேல் கோபுரக் கதையில் வருவது போன்ற மொழிக்குழப்பம் அது. ஒரு கம்பெனியின் குறியெண் புத்தகத்தை மற்றொரு கம்பெனியின் வண்டிக்குப் பயன்படுத்தினால் விபரீதமான முடிவுக்கே வருவோம். இன்றும் அந்தக் காலத்துப் பழைய வண்டி ஒன்றை வைத்திருப்பவர்கள் முதலில் தேட வேண்டியது அந்த மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய குறியெண் பட்டியலையே.

கலிபோர்னியா வாரியம் 1985இல் ஒரு விதி செய்தது. 1988ஆம் ஆண்டு மாடல் முதல் அம்மாநிலத்தில் விற்கும் கார்களில் இத்தகைய தற்சோதனை ஏற்பாடும் எச்சரிக்கை விளக்கும் கட்டாயம். ஓ.பி.டி. ஒன்று என்று இதனைப் பின்னால் அழைத்தார்கள். ஆயினும் விதியில் இரு பெரும் ஓட்டைகள் இருந்தன. ஒயர் அறுந்ததைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். கன்வர்ட்டரே செத்துப்போனால் அதற்குத் தெரியாது. மொழிக்குழப்பமும் அப்படியே நீடித்தது. 1989இல் வாரியம் இரண்டாம் விதியை ஏற்றது; 1994இல் தொடங்கிப் படிப்படியாக, 1996ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் எல்லாக் கார்களுக்கும் அது வந்துவிட்டது. மோட்டார் எஞ்சினீயர்கள் சங்கம் அதற்கான பொது இலக்கணத்தை வகுத்தது. எந்தக் கம்பெனியின் வண்டியானாலும் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எட்டும் இடத்தில் 16 முனைக் கூடு. அதன் 16ஆவது முனையில் எப்போதும் பாட்டரியின் மின்சாரம். ஆகவே ஸ்கேனருக்குத் தனிப் பாட்டரி வேண்டா. மின்சாரப் பேச்சுமுறை மட்டும் தொடக்கத்தில் பலவாக இருந்தது; 2008ஆம் ஆண்டு மாடல்கள் முதல் அமெரிக்காவில் அதுவும் ஒன்றாயிற்று. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு இந்த ஏற்பாடு 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்தது.

பொது இலக்கணத்தின்படி குறியெண்ணின் முதலெழுத்து 'பி' ஆனால் எஞ்சினும் கியரும். மற்ற எழுத்துகள் உடல், சக்கர அமைப்பு, கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான தொடர்பு ஆகியவற்றைக் குறிக்கும். அடுத்த எண் 0 எனில் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறி. 1 எனில் பெரும்பாலும் கம்பெனிக்குரிய தனிக் குறி. மூன்றாம் இடத்து எண் பகுதியைச் சொல்லும்: 1 காற்றும் பெட்ரோலும், 3 தீப்பொறி, 4 புகைக் கட்டுப்பாடு. ஆகவே பி-0301 என்றால் முதல் சிலிண்டரில் 'மிஸ்ஸிங்'. இதனைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும் விதம் அழகானது. ஒரு சிலிண்டர் வெடிக்கத் தவறினால் அந்தக் கணத்தில் கிராங்க் தண்டின் சுழற்சி மயிரிழையளவு தளர்கிறது. அந்தத் தளர்ச்சியை அளந்து, அது எந்தச் சிலிண்டரின் முறை என்று கணக்கிட்டுப் பெயர் சொல்கிறது. கன்வர்ட்டரைச் சோதிக்க அதற்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக இரு ஆக்சிஜன் சென்சார்கள். முன்னது ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கும்; கன்வர்ட்டர் நலமாயிருந்தால் பின்னது அமைதியாக நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே துள்ளத் தொடங்கினால், பி-0420.

சாதாரணமான குறை ஒன்றைக் கண்டவுடன் கம்ப்யூட்டர் விளக்கை ஏற்றிவிடாது. முதல் ஓட்டத்தில் கண்டதைக் குறித்துவைத்து, மறு ஓட்டத்திலும் அதையே கண்டால்தான் ஏற்றும். மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து குறையின்றிப் போனால் விளக்கைத் தானே அணைக்கும். எஞ்சின் 40 முறை சூடேறி ஆறியபின் குறியெண்ணையும் மறந்துவிடும். விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு எரிந்தால் மட்டும் அலட்சியம் கூடாது. வெடிக்காத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் சென்று எரிந்து அதை உருக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இனி, குறியெண்ணை எவ்வளவு நம்பலாம் என்னும் கேள்விக்கு வருவோம். இங்கேதான் பட்டறைகளில் பணம் வீணாகிறது. பதினைந்து, இருபது ஆண்டு ஓடிய கார் ஒன்றில் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் பி-0171 என்கிறது. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று மிகுதி என்பது அதன் பொருள். அனுபவம் குறைந்தவர் உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறார். குறியெண்ணை அழித்து வண்டியை அனுப்புகிறார். நான்கு நாளில் விளக்கு மீண்டும் எரிகிறது. இம்முறை பெட்ரோல் பம்பு மாறுகிறது. பணம் போகிறது, விளக்கு போவதில்லை. உண்மையில் நடந்திருப்பது என்ன? எஞ்சினின் பின்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சிறு ரப்பர் குழாய் வயதினால் வெடித்திருக்கிறது. காற்றை அளக்கும் கருவியைத் தாண்டியபின், கணக்கில் வராத காற்று அதன் வழியே உள்ளே நுழைகிறது. சென்சார் பொய் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னது. அதைக் கொன்று புதிய சென்சாரை வைத்தால், அதுவும் அதையேதான் சொல்லும்.

அதுமட்டுமன்று. ஆக்சிஜன் சென்சாருக்குத் தெரிந்தது ஆக்சிஜன் ஒன்றே; பெட்ரோலை அது பார்ப்பதில்லை. ஒரு ஸ்பார்க் பிளக் செயலற்றுப்போனால், அந்தச் சிலிண்டரின் காற்று எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்கு வரும். அதில் பெட்ரோலும் நிறைய உண்டு. சென்சாரோ ஆக்சிஜனை மட்டும் பார்த்து, 'பெட்ரோல் குறைவு' என்று எழுதிவைக்கும். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓர் ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டாலும் அதே வாக்குமூலம்தான். நீதிமன்றத்தில் நேரில் கண்ட சாட்சி ஒருவர் தம் சன்னல் வழியே தெரிந்ததைச் சொல்கிறார். சன்னலுக்கு அப்பால் நடந்தது அவருக்குத் தெரியாது. குற்றவாளி யார் என்று தீர்மானிப்பது அவர் வேலையன்று.

நல்ல மெக்கானிக் குறுக்கு விசாரணை செய்கிறார். இதற்குச் சிமிட்டும் விளக்கைவிட ஸ்கேனர் எவ்வளவோ மேல். ஏனெனில் அது பழைய குறியெண்ணை மட்டுமன்றி, இந்தக் கணத்தில் ஒவ்வொரு சென்சாரும் சொல்வதையும், குறை கண்ட நேரத்தில் வேகம் என்ன, சூடு என்ன, சுமை என்ன என்று கம்ப்யூட்டர் எழுதிவைத்த குறிப்பையும் காட்டும். பி-0171 வந்த வண்டியில் அவர் பார்ப்பது, கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் கொடுக்கிறது என்னும் எண்ணை. வண்டி நின்றபடி ஓடுகையில் அது 20 சதவீதமாக இருந்து, ஆக்சிலரேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு ஏற்றியதும் 4, 5 என்று இறங்கிவிட்டால், காற்று எங்கோ கசிகிறது என்று கொள்ளலாம். கசியும் காற்று ஏறக்குறைய ஒரே அளவு. எஞ்சின் கொஞ்சமாக மூச்சுவிடுகையில் அதன் பங்கு பெரிதாகத் தெரிகிறது, நிறைய மூச்சுவிடுகையில் கரைந்துபோகிறது. மாறாக, சுமை ஏற ஏற எண்ணும் ஏறினால், பெட்ரோல் வரத்தில் குறை: பம்பு தளர்ந்திருக்கலாம், பில்டர் அடைத்திருக்கலாம். இந்த இரண்டு நிமிடச் சோதனைக்குப் பின்னரே அவர் திருப்புளியைக் கையில் எடுக்கிறார். பழைய வண்டிகளில் சென்சாரைக் குறை கூறுமுன் அதன் ஒயரையும் பின்னையும் பார்ப்பார். பச்சை பூத்த செப்புமுனையும் எலி கடித்த ஒயரும் எத்தனையோ நல்ல சென்சார்களைக் குப்பைக்கு அனுப்பியிருக்கின்றன.

ஆனால் குறுக்கு விசாரணை செய்யச் சாட்சியிடம் பேச முடிய வேண்டுமல்லவா? ஜெம் கிளிப் காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. கம்ப்யூட்டர்கள் பெருகி, தனிக் குறிகளும் தனிக் கருவிகளும் பெருகிய பின், தெருமுனைப் பட்டறைக்காரர் கம்பெனியின் சொந்தப் பட்டறைக்கு முன் ஊமையரானார். அமெரிக்கக் காங்கிரஸ் 1990இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது, புகைக் கட்டுப்பாட்டைப் பழுதுபார்க்கத் தேவையான செய்திகளைப் பழுதுபார்ப்போர் எவருக்கும் கம்பெனிகள் தரவேண்டும் என்று எழுதிவைத்தது. காற்றுக்காக எழுதிய சட்டம் பட்டறைக்காரருக்கும் காப்பாயிற்று. புகையோடு தொடர்பில்லாத பகுதிகள் அதற்குள் அடங்கவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள் 2012 நவம்பரில் வாக்களித்து, பழுதுபார்க்கும் உரிமையை வண்டியின் ஏனைய பகுதிகளுக்கும் விரித்தார்கள்.

நம் நாட்டின் கதையும் காற்றிலிருந்தே தொடங்குகிறது. 1995இல் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமாக்கப்பட்டது. ஈயமற்ற பெட்ரோலும் அங்கே கிடைக்கத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. உச்சநீதிமன்றத்தின் ஆணையால் தலைநகர்ப் பகுதியில் புகை விதிகள் இறுகின. கார்புரேட்டர் மெல்ல மறைந்து, கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் கார்கள் பெருகின. ஆனால் தற்சோதனை ஏற்பாடு சட்டத்தில் புகுந்தது 2010 ஏப்ரலில், பாரத் ஸ்டேஜ் நான்கு விதிகளோடு. அதன் இரண்டாம் நிலை 2013 ஏப்ரலில். ஆகவே இடைப்பட்ட பத்தாண்டு வண்டிகள் நம் மெக்கானிக்குகளுக்குப் பெரும் சோதனை. கம்ப்யூட்டர் உண்டு, பொதுமொழி பேசவேண்டிய கட்டாயம் இல்லை. 16 முனைக் கூடு இருந்தாலும் மலிவான ஸ்கேனரைச் செருகினால் பதில் வராத வண்டிகள் இவற்றில் உண்டு. சிலவற்றில் இன்னும் ஒயரால் முனைகளை இணைத்துச் சிமிட்டலை எண்ணும் பழைய வித்தையே கைகொடுக்கிறது. 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகளுக்குப் பின் ஸ்கூட்டர்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் அந்த மஞ்சள் விளக்கு ஏறிவிட்டது.

பட்டறைக்காரரின் வழக்கு இங்கும் நடந்தது. உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தடையின்றி விற்காமல் வைத்திருந்தமைக்காக, 2014 ஆகஸ்டு 25ஆம் நாள் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தது. அவற்றை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யவும் ஆணையிட்டது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான ஒரு குழுவை அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. இதற்கிடையில் கைத்தொலைபேசியோடு பேசும் சிறு ஸ்கேனர்கள் சில நூறு ரூபாய்க்கே கடைக்கு வந்துவிட்டன. கனடா நாட்டின் சிறு நிறுவனம் ஒன்று வடிவமைத்த சில்லு ஒன்றின் போலிகள் இவற்றில் மிகப் பல. பொதுக் குறிகளைப் படிக்க இவை போதும். கம்பெனியின் தனிக் குறிகளுக்கும், பிரேக்கு, காற்றுப்பை முதலியவற்றுக்கும் பெரும்பாலும் இவை செவிடு.

பழைய வண்டி வாங்க எண்ணுவோருக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும். குறியெண்ணை அழிப்பது ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. விற்கும் நாளன்று காலையில் அதைச் செய்துவிட்டால் விளக்கு அணைந்திருக்கும். ஆனால் அழிக்கும்போது கம்ப்யூட்டர் தன் சோதனைகளையும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதாகிறது. கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் முதலிய ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இன்னும் முடியவில்லை' என்று அது குறித்துவைக்கும். ஊரிலும் நெடுஞ்சாலையிலுமாகச் சில நாள் ஓடினால்தான் அந்தக் குறிப்பு மாறும். குறியெண் ஒன்றுமில்லை, சோதனை ஒன்றும் முடியவுமில்லை என்று ஸ்கேனர் காட்டினால், அண்மையில் யாரோ நினைவைத் துடைத்திருக்கிறார்கள், அல்லது பாட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். இன்னும் துணிந்தவர்கள் விளக்கையே பிடுங்கிவிடுவதுண்டு. ஆகவே எஞ்சினை ஓட்டுமுன் சாவியை மட்டும் திருப்பி, மற்ற விளக்குகளோடு அந்த மஞ்சள் விளக்கும் எரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.